முதல் நாளே முடிவானதா?
ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் ‘ஸ்டாக்கர்’, தடைசெய்யப்பட்ட ஒரு பகுதிக்குள் இரண்டு பேரை ஒரு வழிகாட்டி அழைத்துப்போகும் படம். அதில் எல்லாமே அவர் தொடக்கத்திலேயே முடிவு செய்ததுதான் என்கிறது இங்கே வந்திருக்கும் கட்டுரை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1977இல் எஸ்தோனியாவின் தல்லின் அருகே எடுத்த காட்சிகளில் பெரும்பகுதி, ஃபிலிம் கழுவும்போது பாழாகிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டிய நிலையில்தான் திரைக்கதையை எழுதிய ஸ்ட்ருகாட்ஸ்கி சகோதரர்கள் அதைத் திருத்தினார்கள். முரடனாக இருந்த வழிகாட்டி, நம்பிக்கையைத் தவிர வேறு எதுவும் இல்லாத மனிதனானது அப்போதுதான். வீடு திரும்பியதும் அவன் தரையில் கிடந்து, யாருக்கும் எதிலும் நம்பிக்கை இல்லையே என்று புலம்புவான். மனைவி அவனைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைப்பாள். படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. முரடன் ஒருவன் அப்படி அழுதிருப்பானா? அப்புறம், மூவரும் தண்டவாள டிராலியில் அந்தப் பகுதிக்குள் போகும் காட்சி வீண் நீளம் என்று கருத்துப் பகுதியில் ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அடுத்த முறை ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். தண்டவாளத்தின் தடதடப்பு கொஞ்சம் கொஞ்சமாக இசையமைப்பாளர் அர்தேமியெவின் மின்னணு இசையாக மாறிக்கொண்டே போகும். திரையில் மூன்று பேரின் தலைகள், பின்னால் மங்கலாக நகரும் நிலம், அவ்வளவுதான். அதுவரை பழுப்பாகவே இருந்த திரையில் திடீரென்று பச்சை நிறம் வரும்போது, நாமும் அவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று உடம்புக்கே தெரியும். அந்த நிமிடங்களை வெட்டினால் அந்தப் பச்சை வெறும் புல்தான்.