வைஃபை கடவுச்சொல்லை ஆய்வாளர்கள் உடைத்துவிட்டார்களா? உண்மை விளக்கம்

‘பெல்ஜியத்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வைஃபை கடவுச்சொல்லையே உடைத்துவிட்டார்கள்; உடனே அதை மாற்றுங்கள்’ என்று பரவும் செய்தி தவறானது.

லூவன் பல்கலைக்கழகத்தின் மேத்தி வான்ஹூஃப், ஃபிராங்க் பீசன்ஸ் ஆகியோர் 2017 அக்டோபரில் வெளியிட்ட ‘கிராக்’ (KRACK) என்ற வைஃபை தாக்குதல் முறை கடவுச்சொல்லைத் தொடுவதே இல்லை. கைபேசியும் ரவுட்டரும் இணையும்போது நான்கு செய்திகளைப் பரிமாறி, அந்த இணைப்புக்கு மட்டுமான குறியாக்கச் சாவியை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் ரகசிய எண்ணை) அமைத்துக்கொள்கின்றன. மூன்றாவது செய்திக்குப் பதில் வராவிட்டால் ரவுட்டர் அதை மீண்டும் அனுப்பும். கைபேசியோ அதே சாவியை மறுபடி நிறுவி, பாக்கெட்டுகளுக்கான (அனுப்பப்படும் தகவல் துண்டுகளுக்கான) வரிசை எண்ணைத் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். அந்தப் பதிலை வேண்டுமென்றே தடுப்பவருக்கு, ஒரே சாவியும் ஒரே எண்ணும் கொண்டு குறியாக்கப்பட்ட இரு பாக்கெட்டுகள் கிடைக்கின்றன; ஒன்றின் உள்ளடக்கத்தை ஊகிக்க முடிந்தால் மற்றதையும் படித்துவிடலாம். ஆண்ட்ராய்டு 6.0 பதிப்பில் சாவி முழுவதும் பூஜ்ஜியமாகவே மாறியது என்பது இதில் மிக மோசமான பகுதி.

ஆகவே, கடவுச்சொல்லை மாற்றியவர் பாதுகாப்பாகிவிட்டதாக நம்பி, உண்மையான தீர்வான மென்பொருள் புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவார் என்பதே என் கவலை. ஆய்வாளர்கள் இந்தக் குறையை வெளியிடும் முன்பே சாதனத் தயாரிப்பு நிறுவனங்களுக்குத் தெரிவித்திருந்தார்கள். அவர்களைத் திருடர்களாகக் காட்டுவது பெரும் அநீதி. தாக்குபவர் வைஃபை எட்டும் தொலைவில் இருந்தாக வேண்டும் என்பதையும், முறையாக அமைக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் (முகவரி https எனத் தொடங்கும்) தளங்களின் தனிக் குறியாக்கத்தை இத்தாக்குதல் உடைப்பதில்லை என்பதையும் அந்தப் பரவும் செய்தி சொல்லவில்லை. ரவுட்டரை மட்டுமல்ல, கைபேசியையும் மடிக்கணினியையும் புதுப்பிப்பதே முக்கியம்.