தெரியலைன்னு சொன்னது ஒரு குத்தமா?

போன ஞாயிறு நடந்ததும், அதற்கப்புறம் சபை வாட்ஸ்அப் குழுவில் நடந்ததும் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். எழுத வேண்டாம் என்றுதான் நாலு நாள் இருந்தேன். முடியவில்லை.

பாடம் பைபிளில் 1 சாமுவேல் 15. அமலேக்கியரை ஒருவர் விடாமல் கொல்லச் சொல்லி இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குத் தேவன் கட்டளையிடுகிற அதிகாரம். சவுல் முழுதும் கீழ்ப்படியவில்லை, ராஜ்யம் போயிற்று. வழக்கமான பாடம்தான். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மூன்றாம் வசனத்தில் விரலை வைத்துக்கொண்டு, "டீச்சர், குழந்தைகளையும்னு போட்டிருக்கே. குழந்தை என்ன தப்பு பண்ணிச்சு?" என்றான். "எனக்கும் தெரியல தம்பி. வாசிக்கும்போது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றேன். அவ்வளவுதான். 11 வருஷம் ஓய்வுநாள் பள்ளி எடுத்தவள் சாயங்காலத்துக்குள் விசுவாசத்தை விட்டு விலகிய பின்மாற்றக்காரி ஆகிவிட்டேன்.

வசனத்தைக் கிழித்துப் போடுங்கள் என்றா சொன்னேன்? தெரியாததைத் தெரியாது என்றேன்.

"வளர்ந்தால் இஸ்ரவேலுக்கு எதிரியாவார்கள் என்று தேவன் முன்னறிந்தார்" என்று ஓர் அண்ணன் விளக்கம் போட்டார். கீழே வரிசையாகக் கைகூப்பு. அண்ணா, யாத்திராகமம் முதல் அதிகாரத்தைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். எபிரெய ஆண்பிள்ளைகளைக் கொல்லப் பார்வோன் சொன்ன நியாயமும் இதேதான்: பெருகிவிடுவார்கள், சத்துருக்களோடு சேர்ந்துகொள்வார்கள். பார்வோன் பேச்சை நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவா?

இன்னொருவர், "அது பழைய ஏற்பாடு சிஸ்டர், நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம்." சரி. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, தசமபாகம், கேட்கும்போது மட்டும் பழைய ஏற்பாட்டு மல்கியா எங்கிருந்து வருகிறார்? பழைய ஏற்பாட்டின் தேவன் வேறு என்று சொன்ன மார்சியோனை ரோமாபுரிச் சபை கி.பி. 144-லேயே வெளியே அனுப்பியாயிற்று. அந்த வழி நமக்கு இல்லை.

அது போர்க்கால மிகைப்பேச்சு என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். விஷயம் இருக்கிறது. அடியோடு அழித்ததாகச் சொன்ன அமலேக்கியர்மேல் அதே புத்தகத்தின் 27-ஆம் அதிகாரத்தில் தாவீது மறுபடி படையெடுத்துப் போகிறானே. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையின் விரல் இன்னும் அந்த வார்த்தைமேல்தானே இருக்கிறது?

எங்கள் ஆச்சி குடும்ப ஜெபத்தில் சங்கீதங்களை வரிசையாக வாசிக்க வைப்பாள். 137 வரும் அன்றைக்கு மட்டும் எட்டாம் வசனத்தோடு "போதும்ல" என்று அரிக்கேன் திரியைத் தாழ்த்திவிடுவாள். ஒன்பதாவது, குழந்தைகளைக் கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான் என்கிற வசனம். ஆச்சிக்கு ஒரு பிள்ளை ஏழு மாசத்தில் போயிற்று. ஒருநாள் விடாமல் கேட்டேன். "பறிகொடுத்தவன் வயித்தெரிச்சல்ல பேசுதான். கடவுள் கேட்டுக்கிட்டாரு. நான் எதுக்கு அதை வாசிக்கணும்?" என்றாள். இவளை எந்தக் குழுவிலிருந்து நீக்குவீர்கள்?

"வெளியாட்கள் சிரிப்பார்கள், இப்போதைய சூழ்நிலையில் இதெல்லாம் பேசலாமா" என்கிறார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. ஆனால் கேட்டவன் வெளியாளா? நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை.

அழியவிருந்த சோதோம் பட்டணத்துக்காக ஆபிரகாம் கடவுளிடமே பேரம் பேசினான், ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விட்டுவிடுவாரா என்று ஆரம்பித்துப் பத்து வரைக்கும். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று நேருக்கு நேர் கேட்டான். அவனை விசுவாசிகளின் தகப்பன் என்கிறோம். எனக்கு 'அட்மின் உங்களை நீக்கிவிட்டார்'.

என் பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஜெபித்த அக்காவும் அந்தக் கைகூப்பு வரிசையில் இருக்கிறார். அதைத்தான்... சரி, விடுங்கள்.

பாடத்துக்குப் படம் ஒட்டுகிற ஃபிளானல் போர்டும் படங்களும் என் வீட்டில் பீரோ மேல் இருக்கின்றன. யாராவது வந்து வாங்கிக்கொள்ளுங்கள். தாவீதின் கவண் படம் மட்டும் இருக்காது. அது தொலைந்து இரண்டு வருஷம் ஆகிறது, அதையும் என் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.