ரெண்டு வருஷத்தில் பாதி டிகிரி முடிந்துவிடுமாம், யார் காதில் பூ சுற்றுகிறீர்கள்?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று மலையகத்தில் எந்த டவுனுக்குப் போனாலும் போன் கடைக்கு மேல்மாடியில் ஒரு வெளிநாட்டுப் படிப்பு ஏஜென்சி இருக்கிறது. கனடா ஓடியது, அவுஸ்திரேலியா ஓடியது, இப்போது அமெரிக்கா. சரி, நம்ம பிள்ளைகள் போய்ப் படிக்கட்டும், அதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் இல்லை. ஆனால் "கொமியூனிட்டி கொலேஜில் (அங்கே உள்ள ரெண்டு வருஷக் கல்லூரி) ரெண்டு வருஷம் தொழில் படிப்பு, அப்புறம் அப்படியே யுனிவர்சிட்டியில் மூன்றாம் வருஷத்தில் போய் உட்காரலாம்" என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, அதைக் கேட்டால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

என் தம்பி ஏ.எல்லில் டெக்னொலொஜி செய்தவன், என்.வி.கியூ 4 என்ற தொழிற்தகைமையை முடித்துவிட்டு டவுனில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். வண்டி ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லக்கூடிய ஆள். அவனுக்கு நியூயோர்க் மாநிலத்தில் ஒரு கொலேஜ், ஓட்டோமோட்டிவ் படிப்பு என்று ஒரு ஏஜென்சிக்காரர் எடுத்துக் கொடுத்தார். பளபளவென்று பிரசுரம், பனி விழுந்த கட்டடம், சிரித்துக்கொண்டு நிற்கும் நாலு பிள்ளைகள். அதன் நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் பட்டத்தின் பெயர் இருந்தது: அசோசியேட் இன் ஒக்கியூபேஷனல் ஸ்டடீஸ், சுருக்கமாக ஏ.ஓ.எஸ். இது என்ன என்று கேட்டால், "எல்லாம் ஒன்றுதான் தங்கச்சி, அசோசியேட் டிகிரி, பாதி டிகிரி" என்கிறார்.

ஒன்றா? நியூயோர்க் மாநிலத்து விதியில் அசோசியேட் என்கிற இந்த ரெண்டு வருஷப் பட்டம் நாலு வகை. ஏ.ஏ. (ஆர்ட்ஸ்) என்றால் முக்கால்வாசி பொதுப் பாடங்கள் இருக்க வேண்டும், ஏ.எஸ். (சயன்ஸ்) என்றால் பாதி, ஏ.ஏ.எஸ். (அப்ளைட் சயன்ஸ்) என்றால் மூன்றில் ஒரு பங்கு. ஏ.ஓ.எஸ்.ஸுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் கிடையாது, முழுக்க முழுக்கத் தொழிலாகவே இருக்கலாம். நாலு வருடப் பட்டத்துக்கு மாறும்போது யுனிவர்சிட்டிக்காரர்கள் முதலில் தேடுவது அந்த ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு மாதிரியான பொதுப் பாடங்களின் கிரெடிட்டைத்தான். பிரேக்கும் கியர்பொக்ஸும் படித்த கிரெடிட்டை எடுப்பதா வேண்டாமா என்பது அந்தந்த யுனிவர்சிட்டியின் இஷ்டம். இரண்டு கல்லூரிகளுக்கு இடையே எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் ஒழிய, மூன்றாம் வருஷம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆரம்பத்திலிருந்து தொடங்கச் சொன்னாலும் தொடங்க வேண்டியதுதான்.

இதற்காக அந்தப் படிப்பு மட்டம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊர்ப் பிள்ளைக்கு அது அருமையான படிப்பு. வீட்டிலிருந்து போய் வரலாம், ரெண்டு வருஷத்தில் கையில் தொழில், மறுநாளே பக்கத்து கராஜில் வேலை. கை வேலை செய்கிறவனைப் பார்த்து முகம் சுளிக்கும் நம்ம ஆட்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு, அது வேறு கதை. நான் கேட்பது ஒன்றுதான்: மாணவர் வீசாவில் போகிற பிள்ளைக்கு, படித்த மறுநாள் வேலைக்கு நிற்க முடியாத பிள்ளைக்கு, இந்தப் படிப்பால் கிடைப்பது என்ன?

வேலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பார்ட் டைம் செய்தே பீஸைக் கட்டிவிடலாம்" என்பதுதான் அவர்களுடைய அடுத்த பல்லவி. எப்-1 என்ற வழக்கமான மாணவர் வீசாவில் முதல் கல்வியாண்டில் கல்லூரி வளாகத்துக்கு உள்ளே மட்டும்தான் வேலை, அதுவும் படிப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம். லைப்ரரியில் புத்தகம் அடுக்கலாம், கென்டீனில் நிற்கலாம். வெளியே கராஜில் போய் ஸ்பெனர் பிடித்தால் வீசா போய்விடும். படிப்பு முடிந்தபிறகு அனுமதி எடுத்து 12 மாதம் வரை படித்த துறையில் வேலை செய்யலாம், சரி. ஆனால் அந்த 24 மாத நீடிப்பு இருக்கிறதே, விஞ்ஞான தொழில்நுட்பப் படிப்புக்காரர்களுக்குக் கொடுப்பது, அது பச்சலர் என்கிற நாலு வருடப் பட்டமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். அசோசியேட்டுக்குக் கிடையாது. நம்ம ஏஜென்சிக்காரர் "மொத்தம் மூணு வருஷம் வேலை" என்று காற்றில் விரலால் கூட்டிக் காட்டினார்.

இது எப்-1 ஆக இருந்தால். தொழிற்பயிற்சி என்று கணக்கில் எடுத்து எம்-1 என்ற தொழிற்படிப்பு வீசாவைக் கொடுத்துவிட்டால் இன்னும் மோசம். படிக்கும்போது வேலையே கிடையாது, பாடத்தை மாற்ற முடியாது, எப்-1க்கு மாறவும் முடியாது. முடித்தபிறகு நாலு மாதப் படிப்புக்கு ஒரு மாதம் என்று கணக்குப் போட்டு, எவ்வளவு படித்திருந்தாலும் ஆறு மாதத்துக்கு மேல் இல்லை என்று ஒரு பயிற்சிக் காலம், அவ்வளவுதான். வீசாவுக்காகக் கல்லூரி கொடுக்கும் ஐ-20 பத்திரத்தின் தலையிலேயே எப்-1ஆ எம்-1ஆ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். அது தனக்குத் தெரியாது என்று ஒரு ஏஜென்சிக்காரர் சொன்னால் அவர் இந்தத் தொழிலையே செய்யக்கூடாது.

காசுக்கு வருவோம். செவிஸ் என்ற வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான கட்டணம் 350 டொலர், வீசா விண்ணப்பம் 185 டொலர். வீசா கிடைக்காவிட்டாலும் ரெண்டும் போனது போனதுதான். டொலர் 300 ரூபா என்று வைத்தாலே ஒன்றரை லட்சத்தைத் தாண்டுகிறது. தோட்டத்தில் ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு முழு நாள் வேலைக்கு, 1,000 ரூபா வாங்கவே வருஷக்கணக்காகக் கத்தி 2021இல்தான் கிடைத்தது, 2024இல் அது 1,350 ஆனது. அந்த 1,350இலேயே கணக்குப் பார்த்தாலும் கிட்டத்தட்ட 120 நாள் பேர், அதுவும் கொழுந்து குறைந்து அரைப்பேர் விழாமல் இருந்தால். கல்லூரிக் கட்டணம், சாப்பாடு, வாடகை எல்லாம் இதற்குப் பிறகு. ஓட்டோமோட்டிவ் படிப்புக்குப் பல கல்லூரிகளில் டூல் செட்டையும் மாணவனே வாங்க வேண்டும். அமெரிக்க அரசின் உதவிப்பணம் வெளிநாட்டு மாணவருக்குக் கிடையாது. அம்மா பென்ஷனில் போனபோது வந்த ஈ.பி.எப். காசும், அடகுக் கடையில் இருக்கிற நகையும்தான் எங்கள் வீட்டு ஸ்கொலர்ஷிப்.

அப்புறம் காணி உறுதி கொண்டு வா என்கிறார் ஏஜென்சிக்காரர். படிப்பு முடிந்து திரும்பி வருவாய் என்று வீசா அதிகாரியை நம்பவைக்க ஊரில் சொத்து காட்ட வேண்டுமாம். இருநூறு வருஷமாக லயத்தில் இருக்கிற குடும்பத்திடம் உறுதி கேட்கிறீர்களே ஐயா, காணி யாருடைய பெயரில் இருக்கிறது என்று தெரியாதா உங்களுக்கு? கேட்டால் "தெரிந்த ஒருவர் பெயரில் பேப்பர் ரெடி பண்ணலாம்" என்று பதில். அந்தப் பேப்பர் பிடிபட்டால் மாட்டுவது பிள்ளை, அவர் இல்லை.

இத்தனைக்கும் இங்கேயே ஒரு படிக்கட்டு இருக்கிறது. என்.வி.கியூ 4இலிருந்து 5, 6, அதற்குமேல் 7, அது பட்டம். அதற்கென்றே ரத்மலானையில் ஒரு தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் 5ஆம் 6ஆம் மட்டத்தைத் தமிழில், நம்ம பக்கத்தில் படிக்க இடம் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும் பிள்ளைகள் ஏன் போன் கடை மாடிக்கு ஏறுகிறார்கள் என்று. அந்தக் கோபமும் இதோடு சேர்ந்ததுதான்.

கடைசியில் என்ன செய்தோம் தெரியுமா? தம்பியே அந்தக் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஈமெயில் போட்டான். மரியாதையாக, தெளிவாகப் பதில் வந்தது: இந்தப் பட்டம் நேரே வேலைக்குப் போகிறவர்களுக்கு, யுனிவர்சிட்டிக்கு மாற நினைத்தால் ஏ.எஸ். அல்லது ஏ.ஏ.எஸ். பாருங்கள், ஏ.ஏ.எஸ். எடுத்தாலும் எந்த யுனிவர்சிட்டி ஏற்கும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கொலேஜ்காரர்கள் ஒளித்து வைக்கவே இல்லை. ஒளித்தது ஹட்டனில் இருக்கிற நம்ம ஏஜென்சிக்காரர்.

அந்தப் பதிலைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போய் மேசையில் வைத்தேன். வாசித்துக்கூடப் பார்க்கவில்லை மனுசன், "சீட் முடியப் போகுது தங்கச்சி, அங்கே போய் மாத்திக்கலாம்" என்கிறார். பைல் சார்ஜ் என்று வாங்கிய 40,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டால் ரசீதைக் கொண்டு வரச் சொல்கிறார். ரசீது கொடுத்தால்தானே கொண்டு வருவதற்கு! திங்கட்கிழமை மாமாவையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போகிறேன், அதே ஆளிடம் காசு கட்டியவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள், சேர்ந்தே மாடி ஏறுவோம்.