பாஸ்வேர்டு சரிதான், மாத்தாதீங்க

போன சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு ஏற்காட்டிலிருந்து போன். நாகலூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டம், அங்கே ரைட்டராக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, இருக்கிற அண்ணன். "கண்ணு, மெயிலு பாஸ்வேர்டு கேட்டுக்கிட்டே இருக்குது. நேத்து சாயங்காலத்துல இருந்து நாலு தடவை மாத்திட்டோம். அஞ்சாவதா என்ன வெக்கிறது?"

அந்த "அஞ்சாவதா"வைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. "ஒண்ணும் வெக்காதீங்கண்ணா, நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கணக்கு எழுதுகிறேன். ஜவ்வரிசி ஆலை, கொலுசுப் பட்டறை, மண்டி, மலைமேல் இந்தத் தோட்டம் என்று ஏழெட்டு இடங்களுக்குக் கணக்கு. கணக்கு எழுத வருகிறவளுக்கு பிரிண்டரும் தெரியும், மெயிலும் தெரியும் என்பது ஊரில் எழுதாத சட்டம். பத்து வருடமாக அடிபட்டு அடிபட்டுக் கற்றதில் ஒன்றை மட்டும் இன்று சொல்கிறேன். தண்டர்பேர்டு, அவுட்லுக் மாதிரி கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கிற மெயில் புரோகிராம் "லாகின் ஃபெயில்டு" என்று சொன்னால், முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றாதீர்கள். பெரும்பாலும் உங்கள் பாஸ்வேர்டு சரியாகத்தான் இருக்கும்.

தண்டர்பேர்டில் வரும் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். இன்ன சர்வரில் லாகின் ஆகவில்லை என்று ஒரு வரி. கீழே மூன்று பட்டன்: ரீட்ரை, என்டர் நியூ பாஸ்வேர்டு, கேன்சல். எனக்குக் கோபமே அந்த நடுப் பட்டன் மேல்தான். "வேற பாஸ்வேர்டை அடிச்சுப் பாரு" என்பதுதான் அதற்கு அர்த்தம். நம் ஆட்கள் படிப்பது "புது பாஸ்வேர்டு வை" என்று. உடனே போனை எடுத்து ஜிமெயிலில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வந்து அதை அடிப்பார்கள். அதுவும் ஏறாது. மறுபடி மாற்றுவார்கள். அந்த அண்ணனைக் குறை சொல்லவே முடியாது. அந்தப் பெட்டியில் எழுதியிருப்பதை எழுத்துக்கு எழுத்து நம்பியதுதான் அவர் செய்த தப்பு.

இதற்குப் பின்னால் இருக்கிற கதையைச் சொல்ல வேண்டும். 2022 மே 30-ஆம் தேதியிலிருந்து கூகுள், சாதாரண ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு கதவை அடைத்தது. அதுவரை ஜிமெயில் பாஸ்வேர்டை எந்த மெயில் புரோகிராமில் அடித்தாலும், ஒரு செட்டிங்கைத் திறந்து வைத்திருந்தால் போதும், உள்ளே விட்டுவிடும். அன்றிலிருந்து விடாது. மைக்ரோசாஃப்டும் ஹாட்மெயில், அவுட்லுக் டாட் காம் முகவரிகளுக்கு 2024 செப்டம்பர் 16 முதல் அதையே செய்தது. அடைத்தது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். லீ பஜாரில் குடோன் சாவியை லாரிக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்புகிற முதலாளி உண்டா? சீட்டு எழுதிக் கொடுப்பார். இந்த ஆளுக்கு, இந்தச் சரக்கு, அவ்வளவுதான். சாவி முதலாளியிடமே இருக்கும். ஓஆத் என்கிற புது முறை அந்தச் சீட்டுதான். நீங்கள் பாஸ்வேர்டை கூகுளின் பக்கத்தில் மட்டும் அடிக்கிறீர்கள், கூகுள் மெயில் புரோகிராமுக்கு ஒரு சீட்டு கொடுக்கிறது. புரோகிராம் உங்கள் பாஸ்வேர்டைப் பார்ப்பதே இல்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஆப் பாஸ்வேர்டு. இரண்டு கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டுக்குப் பிறகு போனிலும் கேட்டு உறுதி செய்வது) போட்டு வைத்திருக்கும் கணக்கில், உங்கள் பாஸ்வேர்டுக்குப் பதிலாக மெயில் புரோகிராமில் அடிக்க, கூகுளே 16 எழுத்தில் ஒன்றை உருவாக்கித் தரும். ஓஆத் தெரியாத பழைய புரோகிராம்களுக்கு, உதாரணத்துக்கு அவுட்லுக் 2010-க்கு, ஜிமெயில் வேண்டுமானால் இதுதான் வழி.

இப்போது முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதலாளி பூட்டை மாற்றினால் பழைய சீட்டெல்லாம் செல்லாது. கூகுள் பாஸ்வேர்டை மாற்றிய அடுத்த நிமிடம், ஆப் பாஸ்வேர்டுகள் ரத்து. மெயிலுக்கான ஓஆத் சீட்டும் ரத்து. ஆக, சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு நாம் பாஸ்வேர்டை மாற்றுகிற ஒவ்வொரு தடவையும், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற கம்ப்யூட்டர்களிலும் மெயிலை நிறுத்துகிறோம்.

சரி, மலைக்கு வருகிறேன். கோரிமேடு தாண்டி அடிவாரத்தில் ஒரு டீ. இருபது கொண்டை ஊசியும் ஏறி முடிப்பதற்குள் கை விறைத்துவிட்டது. களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்தது, இரண்டு பெண்கள் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸ் அறையில் மேஜைக்கு மேலே நாள்காட்டி அட்டை. அதன் ஓரத்தில் பென்சிலில் பாஸ்வேர்டு எழுதி, அடித்து, அதன் கீழே இன்னொன்று, அதையும் அடித்து, மொத்தம் நான்கு. கடைசியில் எழுதியது மட்டும் பேனாவில், அடியில் இரண்டு கோடு போட்டு. (பாஸ்வேர்டைச் சுவரில் எழுதக்கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அந்த வாதத்தில் நான் தோற்று ரொம்ப நாளாகிறது.)

அந்தக் கடைசி பாஸ்வேர்டை எடுத்து பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்து அடித்தேன். ஏற்றுக்கொண்டது. எல்லாரும் முதலில் செய்ய வேண்டிய சோதனை இது ஒன்றுதான், அரை நிமிட வேலை. பிரவுசரில் ஏறினால் பாஸ்வேர்டு சரி, கோளாறு மெயில் புரோகிராமில். பிரவுசரிலும் ஏறவில்லை என்றால் மட்டும்தான் பாஸ்வேர்டைச் சந்தேகப்பட வேண்டும். கூகுள் அடுத்த கட்டமாக முதலாளி மகன் போனைக் கேட்டது. அவர் பெங்களூரில் இருக்கிறார். அதுவரை போதும் என்று விட்டுவிட்டு தண்டர்பேர்டுக்குப் போனேன்.

அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் சர்வர் செட்டிங்ஸ். சர்வர் பெயர் சரி, போர்ட் (சர்வரில் எந்த வாசல் என்கிற எண்) 993 சரி, எஸ்எஸ்எல் (வழியில் யாரும் படிக்காதபடி பூட்டி அனுப்புவது) சரி. ஆத்தென்டிகேஷன் மெத்தட், அதாவது ஆளைச் சரிபார்க்கும் முறை, என்ற இடத்தில் "நார்மல் பாஸ்வேர்டு" என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. 2022 ஜூனில் இந்த மெஷினில் ஆப் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தவளே நான்தான். அன்றைக்கு எனக்கு அந்த வழிதான் தெரிந்திருந்தது. தண்டர்பேர்டுக்கு ஓஆத் நன்றாகவே தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. வியாழக்கிழமை முதலாளி மகன் புதுப் போன் வாங்கி, அதோடு பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறார். நான் வைத்த 16 எழுத்து அங்கேயே செத்துவிட்டது. அதற்கப்புறம் அண்ணன் அடித்த நாலு பாஸ்வேர்டும் சரியானவை. அந்த இடத்தில் செல்லாதவை, அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு வரி போதாதா? "இங்கே உங்கள் ஜிமெயில் பாஸ்வேர்டு வேலை செய்யாது" என்று. பிரவுசர் மூலமாக வா, ஆப் பாஸ்வேர்டு வேண்டும் என்கிற மாதிரி சர்வர் சில சமயம் ஆங்கிலத்தில் முணுமுணுக்கும். அது ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியில் வந்து, படிப்பதற்குள் மறைந்துவிடும்.

மெத்தடை ஓஆத்2 என்று மாற்றினேன். சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டை செட்டிங்ஸில் பிரைவசி பக்கம் போய் அழித்தேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பழசு உள்ளே கிடந்தால் அதையே எடுத்து நீட்டிக்கொண்டிருக்கும். தண்டர்பேர்டை மூடித் திறந்ததும் கூகுளின் பக்கம் தனி ஜன்னலில் வந்தது. (வெள்ளையாக ஒன்றுமில்லாமல் வந்தால் தண்டர்பேர்டில் குக்கீ (வெப் பக்கங்கள் கம்ப்யூட்டரில் விட்டு வைக்கிற சின்னக் குறிப்பு) தடை செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.) பாஸ்வேர்டு அடித்தேன். திரையில் ஒரு எண், அதையே பெங்களூரில் போனில் தொட வேண்டும். போன் செய்தால் தம்பி எடுக்கவில்லை, மீட்டிங். நேரம் தாண்டிவிட்டது. அண்ணன் வீட்டிலிருந்து காப்பி வந்தது. குடித்து முடித்து இன்னொரு தடவை. இந்தத் தடவை தொட்டுவிட்டார்.

மெயில்கள் இறங்க ஆரம்பித்தன. காப்பியை உரித்துத் தரம் பிரிக்கிற க்யூரிங் கம்பெனியிலிருந்து அவுட்டர்ன் கணக்கு (அனுப்பியதில் எவ்வளவு தேறியது என்பது), அதற்கு மேல் பெங்களூர் வியாபாரியின் சாம்பிள் ரிசல்ட். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் படிக்க உட்கார்ந்தார். உடனே பதில் எழுதி அனுப்பினார். போகவில்லை. மறுபடி அதே பெட்டி, பாஸ்வேர்டு கேட்டது. அண்ணன் முகம் தொங்கிவிட்டது. "மறுக்காவா?"

இது எல்லா இடத்திலும் நடக்கிற கூத்து. மெயில் வாங்குகிற சர்வர் வேறு, அனுப்புகிற சர்வர் வேறு, இரண்டுக்கும் தனித்தனியாக செட்டிங். வாங்குவதைச் சரிசெய்தால் அனுப்புவது தானாகச் சரியாகாது. அக்கவுண்ட் செட்டிங்ஸில் இடது பக்கப் பட்டியலின் அடியில், எல்லா கணக்குகளுக்கும் கீழே, "அவுட்கோயிங் சர்வர்" என்று ஒன்று ஒண்டிக்கொண்டிருக்கும். அங்கேயும் போய் ஓஆத்2 என்று மாற்ற வேண்டும். போர்ட் 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் அதே பூட்டின் இன்னொரு வகையான ஸ்டார்ட்டிஎல்எஸ். இதை மாற்றிப் போட்டு வைத்துவிட்டு பாஸ்வேர்டைத் திட்டிக்கொண்டிருக்கும் ஆபீஸ்களையும் பார்த்திருக்கிறேன்.

சொந்த டொமைன், அதாவது கம்பெனி பெயரிலேயே மெயில் முகவரி, வைத்திருப்பவர்களுக்குத் தொல்லை வேறு மாதிரி. கொலுசு வியாபாரம் செய்கிற ஒரு ஆபீஸில் நாலு மெஷின். ஒன்றில் பாஸ்வேர்டு தப்பாகப் பதிந்து, அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வர் கதவைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மெயிலை வாடகைக்கு வைத்திருக்கும் ஹோஸ்டிங் சர்வர் யாரோ திருட வருகிறான் என்று ஆபீஸின் ஐபி முகவரியையே (அந்த நெட் இணைப்பின் அடையாள எண்ணையே) தடுத்துவிட்டது. நாலு மெஷினிலும் மெயில் நின்றுபோனது. அவர்களுடைய மெயிலைப் பார்த்துக்கொள்கிறவர் போனில் சொன்ன வைத்தியம், எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள் என்பது. நான் செய்தது, ஒரு மெஷினை ஆபீஸ் நெட்டிலிருந்து கழற்றி என் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டேன். உடனே மெயில் வந்தது. ஆபீஸ் நெட்டில் ஏறாமல் போன் நெட்டில் ஏறினால் தடை ஐபி மேல்தான், பாஸ்வேர்டு மேல் இல்லை. ஹோஸ்டிங்காரரிடம் சொல்லித் தடையை எடுக்கச் சொல்லலாம். அதற்கு முன்னால் தட்டிக்கொண்டிருக்கிற அந்த மெஷினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த தடை திரும்ப வந்துவிடும். இந்த மாதிரி மெயிலில் யூசர் நேம் என்பது பெரும்பாலும் முழு மெயில் முகவரி, அட் குறிக்கு முன்னால் இருப்பது மட்டும் இல்லை. அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டையில் ஒரு கடையில் மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரி பேட்டரி தீர்ந்து, கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டரில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தான் யார் என்று சர்வர் காட்டுகிற சான்றிதழ் அந்தத் தேதியில் செல்லாது, மெயிலும் ஏறாது. திரையின் வலது மூலையில் தேதியைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். மூன்று நாளாக யாரும் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். "அக்கவுண்டை அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாச் சரியாயிரும்" என்று யாராவது வந்தால் அவர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிடுங்கள். பாப் (POP) என்கிற முறையில் மெயில் இறக்குகிற இடங்களில், இறங்கியதும் சர்வரில் அழிந்துவிடும்படி வைத்திருந்தால், பழைய மெயில் இருப்பது அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். தண்டர்பேர்டில் அக்கவுண்டை நீக்கும்போது மெயில்களையும் சேர்த்து நீக்கவா என்று ஒரு கட்டம் இருக்கும். ஒரு மண்டியில் சர்வீஸுக்கு வந்த பையன் அதில் டிக் போட்டுவிட்டான். எட்டு வருட மெயில். பாக்கி விவரம், ரேட் பேசியது, எல்லாம். அந்த முதலாளி திட்டக்கூட இல்லை, வெளியே போய் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். பாஸ்வேர்டு பிரச்சினைக்கு யாரும் அக்கவுண்டை அழிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தொல்லைக்கு பிரவுசரிலேயே மெயில் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கீழே சேலத்தில் இருக்கிறவர்கள் கேட்கலாம். மலையில் மழை பிடித்தால் இரண்டு நாள் நெட் இருக்காது. போன வருடத்து அவுட்டர்ன் என்ன என்று அண்ணன் அப்போதும் தேடி எடுப்பார், ஏனென்றால் அது அவர் மெஷினில் இருக்கிறது.

கிளம்பும்போது அண்ணன் ரப்பரால் நாள்காட்டி அட்டையில் அந்த நான்கையும் தேய்த்துக்கொண்டிருந்தார். பேனாவில் எழுதியது போகவில்லை.

"கண்ணு, இப்ப எந்த பாஸ்வேர்டை எழுதி வெக்கிறது?"

"பாஸ்வேர்டு வேண்டாங்ண்ணா. தம்பி நம்பரை எழுதுங்க. பாஸ்வேர்டு மாத்துறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போன் பண்ணச் சொல்லுங்க."

பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார். அரைக் கிலோ காப்பித்தூள் கட்டிக் கொடுத்தார்கள். இறங்கும்போது பனி கலைந்து சேலம் முழுசாகத் தெரிந்தது. மூன்றாவது வளைவில் வண்டியை ஓரம் கட்டி போனைப் பார்த்தேன். ஜவ்வரிசி ஆலையிலிருந்து நாலு மிஸ்டு கால், அப்புறம் ஒரு வாட்ஸ்அப்: "மெயிலு பாஸ்வேர்டு கேக்குதுங்க, மாத்திரட்டுமா?"