எம்.பி.யை டேக் செய்வதை விட்டு, அவர் கையெழுத்துப் போடும்படி எழுதிக் கொடுங்கள்

எங்காவது இணையத்தை முடக்கினால் நாம் செய்வது ஒன்றுதான். ஹேஷ்டேக் போட்டு, தொகுதி எம்.பி.யை டேக் செய்து, 'இவங்கெல்லாம் எங்கே போனாங்க?' என்று கேட்டுவிட்டு அடுத்த பதிவுக்குப் போய்விடுவோம். இதில் எம்.பி.க்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவரிடம் வேலை வாங்கும் வழி வேறு, கொஞ்சம் அலுப்பான வழி.

வெறும் எண்ணிக்கை எடுபடாது என்பதற்கு, சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் 'ஃப்ரீ பேசிக்ஸ்' திட்ட விவகாரமே சாட்சி. (இதை ஃபேஸ்புக்கிலேயே எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்ய!) 2015 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இது பற்றி மக்களிடம் கேட்டது நான்கே கேள்விகள். பட்டனைத் தட்டி லட்சக்கணக்கானோர் அனுப்பிய ஒரே மாதிரியான ஆதரவுக் கடிதங்களில் அந்த நான்குக்கும் பதில் இல்லை. டிராய் அதைச் சுட்டிக்காட்டியது. 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் வேறுபடும் பாகுபாடான டேட்டா கட்டணத்துக்குத் தடையும் வந்தது. மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம். அதற்கு முன் 2015 ஏப்ரலில் இணையச் சமவாய்ப்புக்காக, அதாவது எல்லாத் தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று கேட்டு, டிராய்க்குக் குவிந்த மின்னஞ்சல்களும் முன்கூட்டியே எழுதப்பட்டவைதான். ஆனால் அவை டிராயின் 20 கேள்விகளுக்கும் எண் போட்டுப் பதில் சொல்லியிருந்தன.

எம்.பி. விஷயத்திலும் இதே கணக்குதான். மக்களவையில் கேள்வி கேட்க 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் தேதி அறிவிப்பு வந்த வாரமே உங்கள் வரைவு அவருடைய அலுவலகத்தில் இருக்க வேண்டும். அவை தொடங்கியபின் போகும் கடிதம் உதவியாளரின் மேசையோடு நின்றுவிடும். வாய்மொழிப் பதில் தரும் நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளைக்கு 20தான், அதற்கும் குலுக்கல். எழுத்துப்பூர்வப் பதிலுக்கு 230 இடம் உண்டு. என்னைக் கேட்டால் அதுவே போதும். டிவியில் வராது, ஆனால் அமைச்சரின் பதில் அவைப் பதிவில் ஏறும். நாளை நீதிமன்றத்தில் நீட்டலாம்.

வரைவு 150 சொற்களைத் தாண்டக் கூடாது. வாதம், அனுமானம், நையாண்டி எதுவும் இருக்கக் கூடாது. 'மக்களின் குரல்வளையை நெரிப்பது ஏன்?' என்று எழுதினால் அவைச் செயலகமே நிராகரித்துவிடும்.

பெரும்பாலானோர் சறுக்குவது வேறோர் இடத்தில். 2018 மே மாதம், துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தியது மாநில உள்துறை. அப்படிப்பட்ட முடக்கத்தைப் பற்றி ஒன்றிய அரசிடம் 'ஏன் முடக்கினீர்கள்?' என்று கேட்டால் ஒற்றை வரியில் பதில் வரும்: பொது ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. முடிந்தது கதை. குறிப்பிட்ட ஓர் ஆணையைப் பற்றிய கேள்வி எம்.எல்.ஏ. வழியாகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும். எம்.பி. கேட்க வேண்டியது ஒன்றிய அரசே வகுத்த விதிகளைப் பற்றி. இப்படி:

'(அ) தொலைத்தொடர்புச் சேவைகளைத் தற்காலிகமாக நிறுத்துவதற்கான 2024 விதிகளின் கீழ் மாநிலங்கள் பிறப்பிக்கும் ஆணைகள் வெளியிடப்படுகின்றனவா என்பதை அரசு கண்காணிக்கிறதா. (ஆ) ஆம் எனில், மாநில வாரியான விவரம் என்ன. (இ) இல்லை எனில், அதற்கான காரணங்கள் யாவை?'

இ-யை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் 'இல்லை' என்ற ஒரே சொல்லோடு அமைச்சர் தப்பித்துவிடுவார்.

வரைவோடு அரைப் பக்கக் குறிப்பும் வையுங்கள். இரண்டு விஷயம் போதும். முடக்க ஆணைகளை வெளியிட வேண்டும், காலவரையற்ற முடக்கம் கூடாது என்று, காஷ்மீர் இணைய முடக்கத்தை எதிர்த்த அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முடக்க விவரங்களை ஒரே இடத்தில் தொகுத்து வைக்குமாறு நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் பரிந்துரைத்தது. ஆளுங்கட்சி எம்.பி.யானாலும் நிலைக்குழுவை மேற்கோள் காட்டத் தயங்க மாட்டார், எல்லாக் கட்சியும் உட்காரும் குழு அது.

'விவரம் சேகரிக்கப்படுகிறது', 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தால் சலித்துக்கொள்ள வேண்டாம். அவை நடைமுறையில் இத்தகைய பதில் ஓர் உறுதிமொழியாகக் கருதப்படும். அதை நிறைவேற்ற மூன்று மாதம் கெடு. தாமதித்தால் கேட்பதற்கென்றே அரசு உறுதிமொழிகள் குழு இருக்கிறது. பதில் வந்த தேதியைக் குறித்துவைத்து, கெடு முடிந்த மறுநாள் அதே எம்.பி.க்கு அடுத்த கடிதம் போடுங்கள்.