அப்புச்சியின் போனுக்குள் நடக்கும் ஏலம்

காங்கேயத்துக்குப் பக்கத்தில் உலர்களம் வைத்திருக்கும் என் அப்புச்சி, காலையில் காபி குடித்ததும் போனில் தேடிப் பார்ப்பது கொப்பரை விலை ஒன்றைத்தான். ஒரே வரியில் முடிய வேண்டிய அந்தச் செய்தியை எட்டுவதற்குள் கடன் விளம்பரம், ரம்மி, மூட்டுவலித் தைலம் என்று மூன்று வேலிகளை அவர் தாண்ட வேண்டியிருந்தது. ஆகவே தனியுரிமையைக் காப்பதே தன் பிறவிப்பயன் என்று சொல்லிக்கொள்ளும் ஓர் இணைய உலாவியைப் (பிரவுசர்) பொங்கலுக்குப் போனபோது நிறுவிக் கொடுத்தேன். அதன் பெயர் இங்கே வேண்டாம்.

அடுத்த மாதம் போனால், "ஏங்கண்ணு, புதுசு போட்டுக் குடுத்தியே, இதுலயும் அதே பேயாட்டந்தானா?" என்கிறார். உங்கள் போனில் 13 வைரஸ்கள் இருக்கின்றன என்று திரையை அடைத்துக்கொண்டு ஒரு சிவப்புப் பெட்டி வந்திருக்கிறது. அதை மூடுவதற்கு மூலையில் அரிசிமணி அளவில் ஒரு பெருக்கல் குறி. ஐம்பது வருடமாகத் தேங்காய் மட்டை உரித்துக் காய்த்துப்போன கட்டைவிரல் அந்தக் குறியைத் தொடுவதாக நினைத்துப் பெட்டியைத் தொட்டிருக்கிறது. அன்றிலிருந்து ஏதோ ஒரு செயலி உள்ளே குடியேறிக்கொண்டு, பாதி ராத்திரியிலும் அறிவிப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

நோண்டிப் பார்த்தால், அந்த உலாவியில் விளம்பரத் தடுப்பு இருக்கத்தான் செய்கிறது. அமைப்புகளுக்குள் நான்கு படி இறங்கிப் போய் நாம்தான் அதை முடுக்கிவிட வேண்டுமாம். கேட்டால், பயனரின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறோம் என்று பதில் வருகிறது. அமைப்புகள் என்று ஒன்று இருப்பதே தெரியாத மனிதருக்கு அதில் என்ன விருப்பம் இருக்க முடியும்? நான்கு படி இறங்கத் தெரிந்தவனுக்கு இவர்களுடைய தயவே தேவையில்லையே!

விளம்பரம் வேறு, வேவு வேறு என்று இவர்கள் பிரித்துப் பேசுவதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கம் திறந்து முடிவதற்குள், எந்தப் போன், எந்த ஊர், எதைப் படிக்கிறார் என்ற விவரங்கள், அவருக்கு யார் விளம்பரம் காட்டுவது என்று நிறுவனங்களுக்குள் நடக்கும் ஏலத்துக்குப் போகின்றன. ஏலத்தில் தோற்ற நிறுவனங்களின் கையிலும் அந்த விவரங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவல்பூந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை கொண்டுபோகிறவர், விலை கட்டவில்லை என்றால் மூட்டையைத் திருப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். இந்த ஏலத்தில் மூட்டையே அப்புச்சிதான், அவருக்கோ ஏலம் நடப்பதே தெரியாது.

ஆள் அடையாளத்தை மறைப்பதற்கென்றே இருக்கும் டோர் உலாவியை உருவாக்குபவர்கள், விளம்பரத் தடுப்பானைச் சேர்க்காததற்குச் சொல்லும் காரணத்தை மட்டும் நான் மதிக்கிறேன். ஆளுக்கு ஒரு தடுப்பானைப் போட்டுக்கொண்டால், யார் எதைத் தடுக்கிறார் என்பதை வைத்தே அவரை அடையாளம் கண்டுவிடலாம் என்கிறார்கள். சரிதான்; ஆனால் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் ஒரே தடுப்பான் ஒரே மாதிரி இருந்துவிட்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறதே. அதே டோர் குழுவுடன் சேர்ந்து 2023 ஏப்ரலில் வெளிவந்த முல்வாட் உலாவி, யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை உள்ளே வைத்தேதான் வந்தது. பிரேவ் என்ற உலாவியும் 2016இல் வந்தபோதே தடுப்போடு வந்தது. புதிய தாவலில் அது தன் சொந்த விளம்பரப் படத்தைக் காட்டுவது தனிக் கதை, அதற்கு இன்னொரு நாள் திட்டுகிறேன்.

வேண்டுமென்றால் நீட்சி (உலாவியோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கருவி) போட்டுக்கொள்ளுங்கள் என்பவர்களுக்கு, ஆண்ட்ராய்டு போனில் இருக்கும் குரோமில் நீட்சியே போட முடியாது என்பது தெரியாதா? தேடல் விளம்பரங்களில் போலி நிறுவனங்கள் புகுந்து ஏமாற்றுகின்றன, விளம்பரத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துங்கள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐயே பொதுமக்களை எச்சரித்தது. போலீஸ்காரர்களுக்கே உறைத்த பிறகும், தனியுரிமையைச் சொல்லி ஆள் சேர்க்கிறவர்களுக்கு உறைக்கவில்லை.

விளம்பரம் இல்லாவிட்டால் சிறிய தளங்கள் எப்படிப் பிழைக்கும் என்ற கேள்வி நியாயமானது. கொப்பரை விலைப் பக்கத்தில் கொப்பரை வியாபாரியின் விளம்பரத்தை, படிப்பவரைப் பின்தொடராமல், சுவரில் எழுதியதுபோல் போட்டுக்கொள்ளட்டும். யார் வேண்டாம் என்றது? பிடித்த தளத்துக்கு மட்டும் தடுப்பை விலக்கிவிடுவதற்கும் வழி இருக்கிறது. அந்த நான்கு படியை அதற்கு வைத்துக்கொள்ளட்டும்.

அப்புச்சியின் போனில் அந்தச் செயலியைத் தூக்கிவிட்டுத் தடுப்பை முடுக்கிவிட்டு வந்தேன். வரும் ஞாயிற்றுக்கிழமை அம்மாயியின் போன், அதற்கடுத்து மாமாவின் போன் என்று வரிசை கட்டி நிற்கிறது.