அட்டகாமா வறண்டது பசிபிக் மழையை ஆண்டிஸ் தடுப்பதால் அல்ல

"பசிபிக்கிலிருந்து வரும் மழையை ஆண்டிஸ் மலை தடுத்துவிடுகிறது, அதனால்தான் அட்டகாமா பாலைவனமானது" என்று தென் அமெரிக்காவைப் பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அட்டகாமா வடக்கு சிலியில் உள்ள பாலைவனம்; ஆண்டிஸ் அந்தக் கண்டத்தின் மேற்கு ஓரமாக வடக்கு தெற்காக நீளும் மலைத்தொடர். வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். அட்டகாமா இருப்பதே மலைக்கு மேற்கே, பசிபிக் கரையில். கடலுக்கும் அதற்கும் நடுவே ஆண்டிஸ் எப்படிக் குறுக்கே நிற்கும்?

மலைக்குப் பங்கு உண்டு, ஆனால் எதிர்த்திசையில். அது தடுப்பது கிழக்கே அமேசான் படுகையிலிருந்து வரும் ஈரக்காற்றை. பசிபிக் பக்கம் மழை இல்லாததற்குக் காரணங்கள் வேறு. கரையை ஒட்டிக் கடலில் ஓடும் ஹம்போல்ட் குளிர் நீரோட்டம் கரையோரக் காற்றைக் கீழிருந்து குளிர்விக்கிறது. மேலே நிலையான உயர் அழுத்த மண்டலத்தால் காற்று கீழிறங்கிக்கொண்டே இருக்கிறது. ஈரம் மேலெழுந்து மழை மேகமாக வழியில்லை, மூடுபனியாகத் தங்கிவிடுகிறது.

நீங்கள் சொன்ன விளக்கம் இன்னும் தெற்கே பொருந்தும். அங்கே காற்று மேற்கே கடலிலிருந்து மலையை நோக்கி வீசுகிறது. தெற்கு சிலி மழையில் நனைய, மலைக்கு அப்பால் அர்ஜென்டினாவின் படகோனியா காய்ந்து கிடக்கிறது. ஒரே மலைத்தொடர்தான், காற்றின் திசை மாறினால் மழைமறைவும், அதாவது மலை மறைப்பதால் மழை எட்டாத பகுதியும், பக்கம் மாறும்.

உங்கள் பதிவில் உள்ள "ஆறுகள் அருகிலுள்ள கடலுக்கே போகும்" என்ற வரியும் தவறு. அமேசானின் தலையூற்றுகள் பெருவின் ஆண்டிஸில், பசிபிக்கிலிருந்து சுமார் 200 கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஆனாலும் நீர் 6,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அட்லாண்டிக்கில்தான் கலக்கிறது. தூரத்தை வைத்து ஆறு திசை தேர்வதில்லை. மழைநீரை இரு பக்கமாகப் பிரித்துவிடும் மேடான நீர்பிரிமேட்டின் எந்தச் சரிவில் பிறக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும்.